தராசுக்கு முத்திரை உண்டு, பூவுக்கு?

போன பகுதியைக் கேட்ட மதுரை மாணவி ஒருத்தங்க எழுதியிருந்தாங்க: "விமான மென்பொருளுக்குப் பாதுகாப்புச் சான்று வாங்குற வேலையையே இப்போ மென்பொருள் பண்ணிடுதாமே, அப்புறம் நாங்க படிச்சு என்ன செய்ய?" நியாயமான கேள்வி. நானும் அந்த வேலையில இருந்தவன்தான். மதுரையிலேயே ஹனிவெல்லுக்குப் பொறியியல் மையம் இருக்கு. அதனால நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடுறேன். சிவில் விமான மென்பொருளுக்கு அளவுகோல் டிஓ-178சி. 2011 டிசம்பர்ல வந்தது. பழுதானா என்ன ஆகும்கிறதை வச்சு ஏ முதல் ஈ வரை ஐந்து நிலை. விமானமே விழக்கூடிய பழுதுன்னா நிலை ஏ. அதுக்கு 71 இலக்குகளை நிறைவேத்திக் காட்டணும். அதில் 30-ஐ, எழுதினவர் இல்லாம வேறொருத்தர் சரிபார்க்கணும். ஒவ்வொரு ரிக்வயர்மென்ட்டுக்கும் எந்த நிரல், எந்தச் சோதனைன்னு தொடர்பு காட்டணும். ஒரு முடிவுக்குள்ள நாலு நிபந்தனை இருந்தா, ஒவ்வொண்ணும் தனியா அந்த முடிவை மாத்துதுன்னு நிரூபிக்கணும்.

கையால செஞ்சா மாசக்கணக்குல இழுக்கும். கருவி ராத்திரியோட ராத்திரியா முடிச்சிடும். செய்யட்டும், நல்லதுதான். ஆனா மனுஷன் பார்க்க வேண்டியதைக் கருவி பார்த்து, அதை யாரும் திரும்பப் பார்க்கலைன்னா, அந்தக் கருவிக்கே தகுதி காட்டணும். அதுக்குத் தனியா டிஓ-330 இருக்கு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல தராசுக்கு முத்திரை குத்துற மாதிரி.

சரி, தராசு சரி. தண்ணி தெளிச்ச மல்லியை அதுல வச்சா? எடையைச் சரியாத்தான் காட்டும். ஏமாந்தது வாங்குனவர்.

நான் சேர்ந்த புதுசுல ஒரு ரிக்வயர்மென்ட் வந்தது: சென்சார் தப்பான மதிப்பு கொடுத்தா, கடைசியா வந்த நல்ல மதிப்பை எடுத்துக்கோ. நிரல் அப்படியே செஞ்சது. சோதனை எல்லாம் பாஸ். அறிக்கை பூரா பச்சை. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். கடைசியாப் பார்த்த சீனியர் அக்கா ஒருத்தங்க கேட்டாங்க: "எவ்வளவு நேரத்துக்குடா?"

அதை யாருமே எழுதலை. சென்சார் செத்துப்போனா, அரை மணி நேரத்துக்கு முந்தின உயரத்தையே விமானி பார்த்துட்டு இருப்பார். பறக்குறதுக்கு முன்னாடியே திருத்திட்டோம். ஆனாலும் அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

போயிங் 737 மேக்ஸ் அந்த மாதிரி தப்பிக்கலை. 2018 அக்டோபர்ல ஒண்ணு, 2019 மார்ச்ல ஒண்ணு, ரெண்டு விபத்துலயும் சேர்த்து 346 பேர் போனாங்க. மூக்கைக் கீழே தள்ளுற எம்காஸ்ங்கிற மென்பொருள், விமானத்துல இருந்த ரெண்டு கோண சென்சார்ல ஒண்ணை மட்டும் நம்புச்சு. நிரல் சொன்னதைத்தான் செஞ்சது. சொன்னதுதான் தப்பு.

அதனால தங்கச்சி, படிங்க. கருவியை ஓட்டவும் கத்துக்கோங்க, அது இல்லாம இனி நடக்காது. ஆனா அறிக்கை பச்சையா வந்ததும் மூடி வச்சிடாதீங்க. ரிக்வயர்மென்ட்டைத் திரும்ப எடுத்து, இதுல என்ன எழுதாம விட்டிருக்காங்கன்னு தேடுங்க. நம்ம சம்பளம் அதுக்குத்தான்.

அடுத்த வாரம் பேசுவோம்.