தரிசு என்னும் சொல்லும் காட்டாமணக்கும்



தமிழில் தரிசு என்பது பயிரிடப்படாத நிலம். ஒரு பருவம் பயிரின்றிக் கிடக்கும் வயலையும் அச்சொல் குறிக்கும். வேளாண் கணக்கில் அது 'நடப்புத் தரிசு'. புறம்போக்கு என்பது தீர்வை விதிக்கப்படாத நிலம். மேய்ச்சற் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்னும் வகைப் பெயர்களே அதன் பயனைக் கூறிவிடுகின்றன. இவ்விரு சொற்களும் அடிப்படையில் 'பயனற்றது' என்று பொருள்படுவன அல்ல. ஆனால், இந்திய அரசின் நிலவரைபடங்களில் புதர் நிலமும் நலிந்த மேய்ச்சல் நிலமும் 'வேஸ்ட்லேண்ட்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்கின. பெயர் மாறவே, நிலத்தை நோக்கும் பார்வையும் மாறிற்று.

இந்தியத் திட்டக் குழுவின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, இத்தகைய நிலங்களில் காட்டாமணக்கை நட்டு டீசலுக்கு மாற்றான எண்ணெய் எடுக்கப் பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் 20 விழுக்காட்டுக் கலப்பை இலக்காக வைத்தது. உணவுப் பயிருக்கு இடையூறு நேரக்கூடாது என்னும் நோக்கம் நல்லதே. எனினும் அவ்விலக்கு எட்டப்படவில்லை.

காரணங்களைக் காண்போம். நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த காட்டாமணக்கு வறட்சியிலும் உயிர் தாங்கும். ஆனால் போதிய நீரும் ஊட்டமும் இன்றி நிறைய விதை தராது. விளைச்சல் வேண்டிப் பாசனம் செய்தால், வறண்ட வட்டாரத்தின் நிலத்தடி நீர் குறையும். அதன் இலையை ஆடுமாடுகள் உண்பதில்லை. விதையின் பிண்ணாக்கும் நஞ்சு நீக்கப்படாவிடில் தீவனமாகாது. ஆகவே, மேய்ச்சல் நிலத்தில் அதனை நட்டால் ஆடு மேய்ப்போர் நிலத்தை இழப்பர். புல்வெளியை உழுதால் மண்ணில் சேர்ந்திருந்த கரிமம் காற்றில் கலக்கும். வெளிமான் போன்ற உயிர்கள் வாழிடம் இழக்கும்.

சாத்தூர்ப் பகுதியை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று மற்றொன்றையும் காட்டிற்று. அங்கே 'வீண்' எனப்பட்ட நிலங்களில் சீமைக்கருவேலம் ஏற்கெனவே விறகும் கரியும் தந்துகொண்டிருந்தது. காட்டாமணக்கு தரக்கூடியதைவிட அம்மரம் தந்த எரிசக்தி மிகுதி. பலரும் பழிக்கும் அயல்மரமே அது. ஆயினும் அந்நிலம் ஊராருக்கு எரிபொருள் வழங்கியே வந்தது. எரிபொருளின் பெயரால் எரிபொருளையே அகற்ற முனைந்த நிலை அது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'தரிசு' என்னும் சொல் பாடத்தில் வரும்போது, அகராதிப் பொருளோடு நின்றுவிடாதீர்கள். அந்நிலத்தில் எவர் ஆடு மேய்க்கிறார், எவர் விறகு பொறுக்குகிறார், எவ்வுயிர் குட்டி ஈனுகிறது என்று மாணவரைக் கேளுங்கள். அக்கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே ஒரு நிலத்தை வீண் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.