செபத்தில் வணக்கமும் கருத்தும்



தமிழெழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது ‘தம்பிரான் வணக்கம்’. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான அந்தப் பதினாறு பக்க நூலில் கிறிஸ்தவ மறையின் அடிப்படைப் போதனைகளும் செபங்களும் அடங்கியுள்ளன. அதன் பெயரிலேயே ‘வணக்கம்’ இருப்பதைக் கவனியுங்கள். வணங்குதல் என்றால் வளைதல். உடல் எளிதில் வளைந்துவிடும். உள்ளம் வளைவதுதான் அரிது.

கெடாத் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்குப் போவதற்கு முன்பே எழுந்து செபித்த தாய்மார்களை நாம் அறிவோம். இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் குடியேறிய குடும்பங்களில் தந்தைக்கு இரவு வேலை, தாய்க்குப் பகல் வேலை. ஒன்றுகூடக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் செபத்தை வேகமாக ஒப்பித்து முடித்துவிடுகிறோம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் காண்பதும் இதுவே. ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளையை இடையில் நிறுத்தி, “ஆறேழு எவ்வளவு?” என்று கேட்டால் திகைக்கிறது. அதற்காக மனப்பாடம் குற்றமாகிவிடாது. 1545-இல் மலாக்காவுக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அதற்கு முன் முத்துக்குளித்துறையில் பிள்ளைகளுக்குச் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்தவர்தாம். மனப்பாடம் வாசற்படி, அங்கேயே நின்றுவிடலாகாது.

உள்ளே செல்வதற்கு, சவேரியாரின் தோழரான புனித இஞ்ஞாசியார் 1548-இல் வெளியான தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இரண்டு எளிய வழிகள் காட்டுகிறார். செபிக்கும் இடத்துக்கு ஓரிரண்டு அடி முன்னதாகவே நின்று, கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும் நேர அளவுக்கு, ‘இறைவன் என்னைப் பார்க்கிறார்’ என்று எண்ணி, பிறகு வணங்க வேண்டும். இது ஒன்று. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சொல்லாக நிதானமாகச் செபிப்பது மற்றொன்று.

நம் வீடுகளில் இதற்குச் செலவேதும் இல்லை. தொலைக்காட்சியை நிறுத்துவோம், கைப்பேசியை அப்பால் வைப்போம், அரை நிமிடம் பேசாதிருப்போம். பின் வீட்டில் ஒருவர், இன்று யாருக்காக, எதற்காகச் செபிக்கிறோம் என்று ‘கருத்து’ச் சொல்லட்டும். தேர்வெழுதும் பிள்ளைக்காக இருக்கலாம். வேலை இழந்த அண்டை வீட்டாருக்காகவும் இருக்கலாம். மனம் அலைந்தால் கலங்க வேண்டா. கூட்டத்தில் கைநழுவிய குழந்தையை அழைத்து வருவதுபோல் அதை மெல்லத் திருப்புவோம். களைத்து வந்தவர்க்கு நீண்ட செபம் வேண்டியதில்லை. சொற்களை அடுக்குவதால் மட்டும் செபம் கேட்கப்படாது என்பது இயேசுவின் போதனை.

ஆனால், ஒன்றை மட்டும் தவிர்க்க முடியாது. எங்களை மன்னியும் என்று கேட்கும் அதே வாய், பக்கத்து வீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தால் அந்தச் செபம் நேராகுமா? சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகும்படி மத்தேயு நற்செய்தி கூறுகிறது. இறைவன் முன் வளைந்த உள்ளம் அயலார் முன் விறைத்து நிற்காது.

இன்றிரவு செபத்துக்கு அமருமுன் அந்த அரை நிமிடம் நிற்போம். யாருடைய முகம் நினைவுக்கு வருகிறதோ, நாளைக் காலை அவரிடம் முதல் வார்த்தையை நாமே பேசுவோம்.