மிஸ்டர் பீன் கவிழ்த்த காருக்கு ஸ்பேர் எங்க கிடைக்கும்?

மிஸ்டர் பீன் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அந்த நீல நிற மூணு சக்கர கார் ஞாபகம் இருக்கும். பாவம், பீன் கண்ணுல பட்டாலே அதுக்கு கண்டம்தான். அது ரிலையண்ட் ரீகல். அதுக்கு அடுத்து 1973-ல வந்தது ரிலையண்ட் ராபின். டாப் கியர்ல ஜெரமி கிளார்க்சன் தெருவுக்குத் தெரு கவிழ்த்தாரே, அதேதான். கவிழணும்னே டிஃபரன்ஷியலை மாத்தி வெச்சிருந்தோம்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். அது வேற கதை.

பர்மிங்ஹாம்ல வேலை பார்த்தப்ப என் ரூம்மேட் 1979 ராபின் ஒண்ணு வாங்கினான். வார நாள்ல கோடிங், சனி ஞாயிறுல ஸ்பேனர். ஸ்பேர் தேடுற டிபார்ட்மெண்ட் என்னோடது.

தயாரிச்ச கம்பெனி டாம்வொர்த் ஊர்ல இருந்தது. 2001-ல கார் செய்றதையே நிறுத்திட்டாங்க. அப்போ ஸ்பேருக்கு எங்க போறது? இங்க ஒரு விஷயம் புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. சின்ன கம்பெனிங்கிறதால நிறைய சாமான வெளியில வாங்கித்தான் மாட்டினாங்க. பின்னாடி வந்த ரியால்டோவோட ஹெட்லைட் ஆஸ்டின் மெட்ரோவுடையது. 1999 ராபினுக்கு வாக்ஸால் கோர்சா ஹெட்லைட். அதனால ‘ராபின் ஹெட்லைட்’னு தேடினா ஒரு விலை, ‘கோர்சா ஹெட்லைட்’னு தேடினா வேற விலை. பொருள் என்னவோ ஒண்ணுதான்.

கஷ்டம் எங்கன்னா, ரிலையண்ட் சொந்தமா செஞ்ச எஞ்சின்ல. முழுக்க அலுமினியம். 598, 701, 748, 848 சிசின்னு படிப்படியா வளர்ந்த ஒரே குடும்பம். வெளியில பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 1975-லயே ராபினுக்கு 848 வந்திடுச்சு. ஆனா நாற்பது வருஷத்துல எத்தனை பேர் கை மாறியிருக்கும்? உள்ள எந்த எஞ்சின் உக்கார்ந்திருக்குன்னு ஆர்.சி.யை நம்ப முடியாது, எஞ்சின் நம்பரைத்தான் பார்க்கணும்.

ஹெட் கேஸ்கெட் கேட்டு மூணு பேருக்கு எழுதினேன். ரெண்டு பேர் உடனே விலை சொன்னாங்க. மூணாவது ஒரு பெரியவர், சின்ன ஷெட்டுல வெச்சு விக்கிறவர். விலையே சொல்லலை. எஞ்சின் நம்பர் என்ன, லைனரைக் கழட்டினீங்களா, பிளாக்குக்கு மேல எவ்வளவு துருத்திட்டு நிக்குது, அளந்தீங்களான்னு கேள்வியா கேட்டார். அந்த உயரம் சரியா இல்லைன்னா எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் ஊதிடுமாம். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே எஞ்சின் சாமான் இவர்கிட்டதான். கேள்வி கேக்காம பணம் மட்டும் கேக்கிறவர்கிட்ட சைட் மிரர், பம்பர் வேணும்னா வாங்கலாம்.

ஏன் இவ்வளவு பிகு பண்றேன்? பிரிட்டன்ல எம்.ஓ.டி.ன்னு வருஷா வருஷம் ஒரு டெஸ்ட் உண்டு. பெரிய மாற்றம் செய்யாத, 40 வயசு தாண்டின கார்களுக்கு 2018 மே மாசத்துலேருந்து அது கட்டாயம் இல்லை. அதாவது நீங்க மாட்டின பிரேக்கை வேற யாரும் செக் பண்ணப் போறதில்லை. ராபின்ல எஞ்சின் கிட்டத்தட்ட உங்க முழங்கால் பக்கத்துல இருக்கும். பாடி ஃபைபர்கிளாஸ். துரு பிடிக்காது, ஆனா தீ பிடிக்கும்.

2021 செப்டம்பர்ல அங்க சாதாரண பெட்ரோல் E10 ஆச்சு, 10% வரைக்கும் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸுக்கு அது ஆகாது. அதுக்குத் தாங்குற R9 ரக ஹோஸ் வேணும். ஒரு ஆன்லைன் கடையில R9-ன்னு போட்டு மலிவா கிடைச்சுது, வாங்கி மாட்டினான். நாலே மாசம். கையால வளைச்சா மேல பூரா வெடிப்பு! பெட்ரோல் வாசனை வந்ததாலதான் பார்த்தோம். அதுக்கப்புறம் மேல அச்சடிச்ச தயாரிப்பாளர் பேரும் தேதியும் ஃபோட்டோவுல தெரியலைன்னா வாங்கறதில்லை.

‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ங்கிற வார்த்தைக்கும் மயங்காதீங்க. பிரிக்காத டப்பா, அந்தக்காலத்து லேபிள், பார்க்கவே ஆசையா இருக்கும். கியரோ கண்ணாடியோன்னா அள்ளிக்கலாம். வீல் சிலிண்டர்னா உள்ள இருக்கிற ரப்பர் சீலுக்கும் 40 வயசு. டப்பாவுக்குள்ள இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். சிலிண்டரை வெச்சுக்கிட்டு சீலை மட்டும் புதுசா போடுங்க.

ரிலையண்ட் ஓனர்ஸ் கிளப் ஆளுங்க கிட்ட பேசறது எந்த வெப்சைட்டையும் விட மேல். யார் ஷெட்டுல எது கிடக்குன்னு அவங்களுக்கு மனப்பாடம். செப்டம்பர்ல ஹாம்ப்ஷயர்ல பியூலி ஆட்டோஜம்பிள் நடக்கும், வயல் முழுக்க பழைய சாமான் கடை. அங்க போறப்ப அளவெடுக்க வெர்னியர் காலிப்பர் எடுத்துட்டுப் போங்க. விக்கிறவர் ‘இது ராபினுக்கு பொருந்தும்’னு சொன்னா, ‘எந்த வருஷ ராபின்?’னு கேளுங்க. கொஞ்சம் யோசிச்சுப் பதில் சொன்னா நம்பலாம். ‘எல்லாத்துக்கும் பொருந்தும்’னா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.