கிரீன் பே ஊரும் அதன் பயிற்சியாளரும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமை என்பது பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். அரசியல் தலைவர்களைப் பற்றி இந்த மேடையில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று ஒரு பந்தாட்டப் பயிற்சியாளரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்கர்; பெயர் வின்ஸ் லொம்பார்டி.

அந்த நாட்டுக் கால்பந்து பெயருக்குத்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு ஓடுகிறவனுக்குத்தான் கைதட்டல். அவனுக்கு வழி திறக்க முன்வரிசையில் ஐந்து பேர் எதிரிகளை முட்டித் தள்ளுகிறார்களே, அவர்களை யார் பார்க்கிறார்கள்? கட்டடம் எழும்பிய பிறகு சாரம் கட்டியவனை யார் நினைக்கிறார்கள்?

லொம்பார்டி 1913-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம்; தகப்பனார் இறைச்சி வியாபாரி. பள்ளிக்கூடத்தில் லத்தீனும் வேதியியலும் பௌதிகமும் கற்பித்துக்கொண்டே பந்தாட்டமும் பயிற்றுவித்தார். தொழில்முறை அணி ஒன்றின் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது வயது 45. இத்தாலியப் பெயர் என்பதாலேயே தம்மை ஒதுக்கினார்கள் என்று அவர் நம்பினார். பெயரைக் கேட்டதும் முகம் மாறுவது எப்படி என்பதை வெளியூரில் வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1959-இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே. காகித ஆலைகள் உள்ள சிறிய ஊர். 1919-இல் இந்தியன் பாக்கிங் கம்பெனி என்ற இறைச்சி டப்பாத் தொழிற்சாலை சீருடைக்குப் பணம் கொடுத்ததால் அணிக்குப் 'பாக்கர்ஸ்' என்று பெயர் வந்தது. (பெயரில்தான் இந்தியன், நம் நாட்டுக்கும் அதற்கும் உறவில்லை!) மற்ற அணிகள் பணமுதலைகளின் சொத்து. இதுவோ 1923 முதல் மக்கள் பங்கு வாங்கி நடத்தும் அணி. பங்குக்கு லாபத்தொகை கிடையாது. விற்றுக் காசு பார்க்கவும் முடியாது. இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல். முதலாளித்துவக் கோட்டை என்று நாம் சொல்லும் நாட்டில் இப்படியும் ஒன்று.

1958-இல் அந்த அணி ஆடிய 12 ஆட்டங்களில் வெற்றி ஒன்றே ஒன்று. லொம்பார்டியின் முதல் ஆண்டில் 7 வெற்றி. 1960-இல் பட்டத்துக்கான போட்டியில் பிலடெல்பியாவிடம் 17–13 என்று தோற்றார்கள். அதன் பிறகு அவர் அங்கே இருந்தவரை பட்டத்துக்கான போட்டியில் தோற்கவே இல்லை. 1961, 62, 65, 66, 67 என ஐந்து பட்டங்கள்.

மந்திரம் ஒன்றும் போடவில்லை. சில ஆட்ட முறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பழக்கினார். அவற்றில் ஒரே ஒரு முறையைப் பற்றி அவர் எட்டு மணி நேரம் பாடம் நடத்தியதைக் கேட்டதாக, பின்னாளில் புகழ்பெற்ற ஜான் மேடன் சொல்லியிருக்கிறார். இங்கே நில், அங்கே தள்ளு என்றால் வேலை நடக்கும். ஏன் என்று சொன்னால்தான், எதிரி இடம் மாறி நிற்கும்போது ஆள் தானாக யோசிப்பான். நம் மேஸ்திரிகளில் எத்தனை பேர் 'ஏன்' என்பதைச் சொல்கிறார்கள்?

அவருடைய வழி முழுவதும் நமக்கு உடன்பாடு என்று எண்ண வேண்டாம். வாய் மிகவும் கடுமை. ஜெர்ரி கிராமர் என்ற முன்வரிசை வீரரைப் பலர் முன்னிலையில் வறுத்தெடுத்தார். மனம் உடைந்து தனியே உட்கார்ந்திருந்தவரிடம் பிறகு வந்து, நீ ஒருநாள் இந்த நாட்டிலேயே சிறந்தவனாவாய் என்று தட்டிக்கொடுத்தார். கிராமருக்கு அது போதுமாக இருந்தது. நம் தொழிற்சாலையில் ஒருவர் அப்படித் திட்டினால் நாம் அன்று மாலையே வாயிற்கூட்டம் போட்டிருப்போம். வெற்றி ஒன்றே குறி என்ற பேச்சும் அப்படித்தான். அது ரெட் சாண்டர்ஸ் என்ற வேறொரு பயிற்சியாளர் முன்பே சொன்னது, இவர் எடுத்தாண்டார். நமக்கு அது ஏற்புடையதல்ல.

பின் ஏன் இவரைப் பற்றிப் பேசுகிறோம்? அவர் வந்தபோது அணியில் கறுப்பின வீரர் ஒருவர்தான். 1967-இல் 13 பேர். அக்காலத்தில் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு விடுதி, கறுப்பருக்கு வேறு விடுதி. அணியைப் பிரித்துத் தங்க வைக்கும் வழக்கத்தை இனி ஏற்பதில்லை என்று அவர் உறுதி கொண்டார். கிரீன் பே மதுக்கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டார்: என் கறுப்பின வீரனுக்கு இடமில்லை என்றால், என் வீரர் ஒருவரும் உங்கள் கடைக்கு வரமாட்டார்கள். ஒருவனைத் தொட்டால் அத்தனை பேரும் வெளியே! தோழர்களே, இதைத்தானே நாம் சங்கம் என்கிறோம்? பேச்சோடு நிற்காமல், ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்த அணியின் செல்வாக்கை அவர் இதற்குச் செலவிட்டார்.

லொம்பார்டி 1970 செப்டம்பர் 3-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார், வயது 57. ஆண்டுதோறும் சூப்பர் பௌல் வெல்லும் அணிக்குத் தரும் வெள்ளிக் கோப்பைக்கு அவர் பெயர்தான்.

அவருடைய வீரர்களில் வில்லி டேவிஸ் என்பவர் தெற்கே, கறுப்பருக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர். கிளீவ்லாந்து அணி 1960-இல் அவரைக் கைமாற்றிவிட்டது. லொம்பார்டி அவரைத் தடுப்பாட்டத்தின் தலைவராக்கினார். மக்களுக்குச் சொந்தமான அந்த அணியின் இயக்குநர் குழுவில் பின்னாளில் டேவிசும் ஒருவராக உட்கார்ந்தார்.

உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.