இறங்க வேண்டியது யார் சுமை?



பாத்திரம் கழுவும் இயந்திரம் சோம்பேறிகளுக்கு என்றது எதிரணி. யார் சோம்பேறி? பேராக் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டித் திரும்பி, லயத்துப் பொதுக் குழாயடியில் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தாளே, அவளா?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போ அடுக்குமாடிகளுக்கு வந்தன. குழாய் வீட்டுக்குள் வந்தது. தேய்க்கும் கை மட்டும் மாறவில்லை.

இந்த இயந்திரத்தைத் தந்தவரும் ஒரு பெண்தான். அமெரிக்காவின் ஜோசஃபின் காக்ரேன் 1886-இல் காப்புரிமை பெற்று, 1893 சிகாகோ கண்காட்சியில் வைத்தார். பின்னாளில் சக்கரம் வைத்ததும் வந்தது. சமையலறை சிறிதா? மூலையில் நிற்கும், வேண்டும்போது உருட்டி வந்து குழாயில் மாட்டலாம்.

குறை உண்டு, மறைப்பானேன்? பழைய அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட்; இங்கே 230. மின்மாற்றி வேண்டும். பலவற்றுக்குச் சுடுநீர்க் குழாயும் வேண்டும். அது ஓடி முடியும்வரை அந்தக் குழாய் அதற்கே. இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும், அலுமினியச் சட்டி கறுக்கும். அவற்றுக்குக் கைதான். ஆனால் அது அம்மாவின் கையாகவே இருக்க வேண்டுமா?

குழாயடியில் உறவு வளர்ந்தது என்றீர்கள். உண்மை. அந்தக் குழாயடிக்கு ஆண்கள் ஏன் வரவில்லை?

இயந்திரம் வாங்க வசதியில்லையா? பரவாயில்லை. மகன் தன் தட்டைக் கழுவட்டும். கணவர் சட்டியைத் தேய்க்கட்டும். சுமை இறங்கினால் போதும், இயந்திரத்தாலோ மனத்தாலோ!