இந்தப் பொங்கலுக்கு மேளம் வைப்போம்

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். நம் கரிசல் பக்கத்துக்கும் ஒரு வாத்தியக் குழு உண்டு: நையாண்டி மேளம். நாதஸ்வரம், தவில், பம்பை, தாளம் எல்லாம் சேர்ந்து முழங்கும்.

காருகுறிச்சி அருணாசலத்துக்குக் கோவில்பட்டியில் சிலை இருக்கிறது. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் அவர் வாசித்ததை இன்றும் செல்போனில் கேட்கிறோம். ஆனால் மேளத்தைப் பக்கத்தில் நின்று கேட்பது வேறு. தவில் அடி நெஞ்சுக்குள் விழும். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவது தெரியும். நாம் தலையாட்டினால் அதே பிடியை இன்னொரு சுற்று வாசிப்பார். ரேடியோ செட் அதைச் செய்யாது.

கூப்பிட ஆளில்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகள் சீவாளியைத் தொடமாட்டார்கள். வரும் பொங்கல் விழாவுக்கு ரேடியோ செட்டுக்குப் பதில் உள்ளூர் மேளம் வைப்போம். சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களுக்காக இரவு 8 மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.