கடைசித் தீர்ப்பு யார் கையில்?

(ஜூரோங் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொடி மாறினால் கோர்ட்டும் அன்றே மாறிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு என்பதற்கு நாம் கூடியிருக்கும் இந்த மண்ணே சாட்சி.

1963 செப்டம்பர் 16-ல் சிங்கப்பூர் ஒரு மாநிலமாக மலேசியாவில் சேர்ந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கோர்ட் வரிசை உண்டு. மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் மாநிலத்தின் உயர்ந்த கோர்ட் சொல்வதே முடிவு. மலேசிய அரசியல் சட்டம் வேறு வழியில் சென்றது. மலாயாவுக்கு ஒன்று, போர்னியோவுக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று என மூன்று ஹைகோர்ட்டுகள். மூன்றுக்கும் மேலே ஒரே சமஷ்டி கோர்ட். அதற்கும் மேலே லண்டனில் பிரிவி கவுன்சில்.

1965 ஆகஸ்டு 9-ல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. அரசாங்கம் தனி, மந்திரி சபை தனி. ஆனால் இங்குள்ள ஹைகோர்ட்டில் தோற்றவனின் அப்பீல்? அது மலேசிய சமஷ்டி கோர்ட்டுக்கே போயிற்று! 1969-ல் இயற்றிய சட்டம் 1970 ஜனவரி 9-ல் அமுலுக்கு வந்த பிறகுதான், சிங்கப்பூருக்கு அப்பீல் கோர்ட்டோடு கூடிய சொந்த சுப்ரீம் கோர்ட் அமைந்தது. இடையில் கழிந்தது நான்கு வருஷம் ஐந்து மாதம். பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி அதற்குப் பின்னும் இருந்தது. அதை அடியோடு மூடியது 1994-ல்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தோட்டம் கைமாறினாலும், புதுச் செக்ரோல் எழுதும் வரை பெரட்டில் பழைய செக்ரோலை வைத்துத்தானே கிராணிமார்களாகிய நாம் பேர் கூப்பிடுகிறோம்? பழையதைக் கிழித்துவிட்டால் அன்றைய பேர் யார் கணக்கில் ஏறும்? கோர்ட்டும் அப்படியே. புதுப் படி கட்டுமுன் பழைய படியை இடித்திருந்தால், நியாயம் தேடி ஏற வேண்டியவன் நடுவழியில் நின்றிருப்பான்.

தோழர்களே! கடைசித் தீர்ப்பு யார் கையில் என்பதைச் சொல்வது கொடியல்ல, துரையல்ல, மந்திரியுமல்ல. அரசியல் சட்டமும், அதன்கீழ் இயற்றிய சட்டமுமே சொல்கின்றன. ஆகவே சம்பள வழக்கோ, வேலைநீக்க வழக்கோ, எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். எந்தச் சட்டம்? எந்தக் கோர்ட்? அப்பீலுக்கு எத்தனை நாள் கெடு? நியாயம் நம் பக்கம் இருந்தும், தவறான வாசலில் காத்திருந்து கெடுவை இழந்தால் அந்த நியாயம் சோறு போடாது.

தீர்ப்புக் காகிதம் கைக்கு வந்த அன்றே அதைச் சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், சேர்ந்தே படியேறுவோம்.

ஒற்றுமை ஓங்குக!